ஊற்றி முடிக்கும் வரை

டம்ளர் பக்கம் சாகிலின் கை நீண்டால் போதும், ரூக்ஸார் கேட்டுவிடுவாள்: "ஏங்க, ஊத்தி முடிச்சிட்டனா?" கல்யாணம் ஆன நாளாக அவனுக்குச் சூடான டீ கிடைக்கிறது, அவசரமாகக் கிடைத்ததில்லை.

செங்கம் ரோட்டு மாடி வீட்டில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதில் கீழ்வீட்டு அருணாதேவிக்கு ஒரு முடிவு உண்டு. "கம்ப்யூட்டர்கிட்ட பகல் பூரா பேசிக்கினு கீது. அது பதில் சொல்லலன்னா கோவம் வேற."

விஷயம் இவ்வளவுதான். ரகசியங்களைப் பூட்டிவைக்க மிகப் பெரிய எண்களைப் பெருக்க வேண்டும். அதற்காகப் பழைய ரக சர்வர் ஒன்றுக்கு அசெம்பிளி என்ற, இயந்திரத்துக்கு நெருக்கமான கணினி மொழியில் யாரோ எழுதிய கோப்பு அவள் கையில். அந்த சர்வர் பல கட்டளைகளை ஒரே மூச்சில் செய்யும். ஒரு கட்டளை எண்ணை வைத்து முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டளை கைநீட்டினால் பழைய எண்தான் கிடைக்கும். அப்படி மோதக்கூடிய இடங்களில் எல்லாம் திரையில் எச்சரிக்கை வரும்; அவற்றைத் தீர்ப்பதுதான் அவள் வேலை. நடுவே இரண்டு அரைப்புள்ளி வைத்தால் பின்னது காத்திருக்கும்.

சென்னை ஆபீஸ் தசரதன் போனில் சொன்னார்: "வார்னிங்தானேம்மா. வராம மூடிட்டு அனுப்பு. விடை சரியாதானே வருது?"

"இன்னைக்கு வருது சார்."

போன வாரம் பயந்துபோய் வரிக்கு வரி அரைப்புள்ளி வைத்து அனுப்பியிருந்தாள். எச்சரிக்கை ஒன்றும் இல்லை, வேகமும் இல்லை. "பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல மாட்டின பஸ்ஸாட்டம் போகுதேம்மா," என்று சிரித்த தசரதன், சிரிப்பை நிறுத்திவிட்டு வெள்ளிக்கிழமை மாலை வரை கெடு வைத்தார். தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

வெள்ளிக்கிழமை அவள் திரையில் விரல் வைத்து, "நீ வெக்கிற, அவன் எடுக்கறான். நடுவுல யாரு வருவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தமில்லாத கட்டளையைத் தூக்கி இடையில் போட்டாள். சும்மா காத்திருப்பதற்குப் பதில் ஒரு வேலை நடக்குமே. நிஜமாகவே மோதும் இடத்தில் மட்டும் அரைப்புள்ளியை விட்டுவைத்தாள். அனுப்பியும் விட்டாள்.

அன்றைக்கு டீ சாகில் போட்டான். ஊற்றும்போதே போன் சிணுங்கியது. "வார்னிங் இல்ல. வேகமும் கம்மியாகல. அடுத்த ஃபைலும் நீயே பாரு," என்று எழுதியிருந்தார் தசரதன்.

ரூக்ஸார் எட்டி இரு கையாலும் டம்ளரைப் பிடித்தாள். டீ விரலில் விழுந்தது.

"ஊத்தி முடிச்சிட்டனா?" என்றான் சாகில், பாத்திரத்தை நிமிர்த்தாமலே.

அவள் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டாள். மற்ற கை டம்ளரை விடவில்லை.