இரண்டு கோட் பளபளப்பு

டெய்லருக்கு ஆகவே ஆகாதவை இரண்டு: பிசிறு, பாசி. பிசிறைக் கடையிலேயே கத்தரித்துவிடுவார். பாசியோ, வீட்டு கேட்டிலிருந்து வாசற்படி வரை பதித்த பேவர் கற்களில் மழைக்கு மழை வந்து குடியேறும். போன மழையில் தைக்கத் துணி குவிந்து கிடந்ததால், தேய்ப்பதைத் தள்ளிப் போட்டார். மனைவி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல்.

எலும்பு ஒருவழியாகக் கூடிற்று. தினமும் வெளியே நடக்காவிட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளோ கைத்தடியோடு வாசற்படி வரை வருவாள், கற்களைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள்.

டெய்லர் போர் தொடுத்தார். கடைக்கு லீவு. குந்தி உட்கார்ந்து இடுக்கு இடுக்காகப் பாசியைச் சுரண்டினார். தேய்த்து, கழுவி, காயவைத்து, இடுக்குகளில் புது மணல் நிரப்பினார். அத்தோடு எழுந்துவிடுகிற ஆளாக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. பாசி இனி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதென்று, கல்மேல் வார்னிஷ் போலப் பூசும் சீலர் வாங்கிவந்தார். மெல்லிசாக ஒரு கோட் போதும் என்றார் கடைக்காரர். அது ஊரார் வாசலுக்கு. டெய்லர் தாராளமாக இரண்டு கோட் அடித்தார்.

பார்க்க வந்த மனைவியின் தம்பி கேட்டிலேயே நின்றான்.

"மாமா, செருப்ப ரோட்டுலயே விட்டுடவா?"

"நக்கல் பண்ணாத மாப்ள. உங்கக்கா நடக்கறதுக்குப் பண்ணினது."

"நடக்கவா, தலை சீவவா? மூஞ்சி தெரியுதே."

மறுநாள் காலை தூறல். டெய்லருக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? மனைவியை அழைத்து வாசற்படியில் நிறுத்தினார்.

"பாரு, பொட்டுப் பாசி கிடையாது. நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா."

போனார். இரண்டு எட்டு நடந்து போனார். மீதித் தூரத்தை உட்கார்ந்தபடியே, முகத்தில் எந்த மாறுதலும் காட்டாமல், கேட் வரை போனார்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

"எந்திரிக்க முடியுதா?"

"ம்."

"பாசி இருந்தப்ப எது வழுக்கும்னாவது தெரிஞ்சுது. இப்ப எல்லாமே ஒண்ணாத் தெரியுதுங்க."

உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் வெயில் வந்து கற்கள் காய்ந்ததும், டெய்லர் வாசற்படியை ஒட்டிய கல்லில் தின்னரை ஊற்றிக் கம்பி பிரஷால் உரித்தார். பளபளப்பு திட்டுத் திட்டாகப் போயிற்று. ஒரு தையல் கோணினால் முழுச் சட்டையையும் பிரிக்கிறவர், தன் கையாலேயே வாசலில் சொறி உண்டாக்கினார். மேலே தண்ணீர் தெளித்து அவளைக் கூப்பிட்டார்.

அவள் படியில் உட்கார்ந்து ஒரு காலை மட்டும் வைத்தாள். அழுத்தினாள். குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது பிடிக்குது."

"அப்ப இறங்கு."

"இறங்கி? இந்த ஒரு கல்லுலயே நிக்கவா?"

கேட் வரை மற்றக் கற்கள் மின்னிக்கொண்டிருந்தன. மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். டெய்லர் முட்டியை நகர்த்தி அடுத்த கல்லுக்குப் போனார்.