பூச்சிக்காரியின் பாதி வீடு

பூச்சிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணிதான். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால். அது காதில் விழுந்ததும் இவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் மாடி அறைக் கதவில் சாக்பீஸால் அதையே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்.

புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள். தெரிந்தவர் ஒருவர், உயிருள்ள பூச்சி கிடைக்காமல் தன் செல்லப் பல்லி பட்டினி கிடக்கிறது என்று புலம்பப்போய்த்தான் இந்தத் தொழில் ஆரம்பித்தது. இப்போது மாடியில் முட்டை அட்டைகளுக்குள் சில்வண்டு, தவிட்டுக்குள் மாவுப்புழு, கண்ணாடிச் சுவரில் ஏறத் தெரியாத ஒருவகைக் கரப்பான், குட்டித் தவளைகளுக்கென்று பறக்க முடியாத பழ ஈ. எல்லாவற்றுக்கும் கேரட் சீவிப் போடுவாள். பூச்சிக்கு வயிறு நிறைந்தால்தான் அதைத் தின்னும் பல்லிக்கு உடம்பில் ஒட்டும் என்பது அவள் கட்சி.

அண்ணன் நல்லவர். அதுதான் ஆபத்து. தங்கை கொசுக்கடியில் கிடக்கிறாளே என்று ஒருமுறை மாடிப்படியில் கொசுவத்தி ஏற்றி வைத்தார். காலையில் அவளை எழுப்பியது சத்தமில்லாத அறை. ஒரு சில்வண்டு மிஞ்சவில்லை. தான் விற்றதிலேயே ஒரு கைப்பிடியை வாடிக்கையாளரிடம் கெஞ்சித் திரும்ப வாங்கி வந்து, முதலிலிருந்து வளர்த்தாள். இன்னொரு தடவை அதைத் தாங்க அவளால் முடியாது.

இன்று தன் மகளின் வருங்கால மாமியார் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று, அண்ணி பூச்சிமருந்தடிக்கும் ஆளை வரவழைத்துவிட்டார். முதுகில் டப்பாவும் மூக்கில் துணியுமாக அவன் கூடத்தில் நிற்க, இவள் மாடிப்படியை மறித்து உட்கார்ந்தாள்.

"மேல வரமாட்டான். கீழ மட்டும்தான்," என்றார் அண்ணி.

இவள் அந்த ஆளைக் கேட்டாள். "கீழ அடிச்சா மேல வராதா?"

"வரும்மா. புகையாச்சே."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்திரி. இது யார் வீடுன்னு நெனச்ச?"

"அப்பா வீடு. பாதி உன்னுது, பாதி என்னுது. உன் பாதில தாராளமா அடிச்சுக்கோ. புகை மட்டும் என் பாதிக்கு வரக்கூடாது."

அவள் எழுந்திருக்கவில்லை. பங்கு என்ற பேச்சை அந்த வீட்டில் அவள் இதற்குமுன் எடுத்ததே இல்லை.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே உன்ன!" என்றார் அண்ணி.

"எந்தப் பூச்சிக்கு அண்ணி வாயில்ல? வந்து பாருங்க, கேரட்ட என்ன பாடு படுத்துதுன்னு."

மருந்துக்காரன் துணிக்குள் சிரித்துவிட்டான். அண்ணன் அவனைப் போகச் சொன்னார். அண்ணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கித் தள்ளினார்.

சாயங்காலம் விருந்தாளி அம்மாள் தேநீரை வாங்கிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன சத்தம் அது?"

"பக்கத்து வீட்டு மோட்டாருங்க," என்றார் அண்ணி அவசரமாக.

"மோட்டார் இல்லங்க," என்றாள் அவள், படியில் நின்றபடி. "என்னோட சில்வண்டு. ஆயிரக்கணக்குல இருக்கு. நான்தான் வளக்கறேன்."

அந்த அம்மாள் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொள்ளட்டும். அவள் கேரட் சீவ மேலே போனாள், கதவைத் திறந்தே வைத்தாள்.