குளிசையும் ஒருசந்தியும்

எங்கள் ஊர் வங்காலையில் யாரைக் கண்டாலும் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பார்கள். பிறின்சியிடம் மட்டும் கேட்கமாட்டார்கள். பதினாறு வயதில் தொண்ணூறு கிலோ இருக்கிற பிள்ளை சாப்பிட்டுத்தான் இருப்பாள் என்று ஊருக்கு நினைப்பு. கலியாணவீட்டில் இரண்டாம் முறை சோறு கொண்டுவருகிறவர் அவளுடைய தட்டுக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி ஒரு சிரிப்புச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைக்குழந்தையாக இருந்தபோது கொழுகொழு என்று அவளுடைய கன்னத்தைக் கிள்ளியதும் இதே ஆட்கள்தான்.

சிரிப்பு அவளுக்குப் பழகிவிட்டது. பயம்தான் புதிது. அப்பா தோமஸுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கடலுக்குப் போய்வந்த மனிதர், முள் குத்திய காயம் ஆறாமல் வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது வாசலில் கதிரையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பின்னேரங்களில் அந்தக் காலைக் கழுவித் துணி சுற்றுவது பிறின்சிதான். கிளினிக்கில் அவளுடைய இரத்தத்தைச் சோதித்த டொக்டர், இவளுக்கும் சீனி எல்லையில் நிற்கிறது, நிறை குறையாவிட்டால் வந்தே தீரும் என்றார். அன்றைக்கு அப்பாவின் காலைக் கழுவும்போது பிள்ளை அழுதுவிட்டாள் என்று அவளுடைய அம்மா பெற்றிசியா வேலிக்கு அங்காலே நின்று எனக்குச் சொன்னாள். நான் பக்கத்து வளவு.

அந்த நேரம்தான் கொழும்பில் இருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. நிறை கூடிய பிள்ளைகளுக்கு நடைப்பயிற்சி, எதை எவ்வளவு சாப்பிடுவது என்று வகுப்பு, அதோடு தினம் ஒரு குளிசை. ஏதோ ஒரு காயில் இருந்து எடுத்த சத்து, அது கொழுப்பைக் குறைக்குமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. பாதிப் பிள்ளைகளுக்கு உண்மையான குளிசை, மற்றப் பாதிக்கு வெறும் மா அடைத்தது. இரண்டும் ஒரே நிறம். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. பொறுப்பாக இருந்த தாதி விஜிதா, உயிலங்குளத்துப் பிள்ளை, இதைத் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் தங்களுக்குக் கிடைத்தது உண்மையானதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பிறின்சியும் அப்படித்தான்.

நடப்பதற்கு எங்கே போவது? கடற்கரையில் நடந்தால் மோட்டார்சைக்கிள் பொடியள் பின்னால் வருவார்கள். அதனால் கோயில் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாவம், என்ன நேர்த்திக்கடனோ என்று கிழவிமார் அவளுக்காகச் செபம் சொன்னார்கள். நிறை இம்மியும் அசையவில்லை.

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த பெற்றிசியா, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டேன் என்றாள். தவக்காலம் நாற்பது நாளும் தாயும் மகளும் ஒருசந்தி. மத்தியானம் ஒரு நேரச் சோறு, மற்ற நேரம் வெறும் தேத்தண்ணி. எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்கிறதுதான். ஆனால் நேர்த்தியை வெளியில் சொன்னால் அதன் பலன் போய்விடும் என்பது பெற்றிசியாவின் சட்டம்; வேலியடியில் நிற்கிற நான் மட்டும் வெளியாள் இல்லையாம். அதனால் விஜிதா வாராவாரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோதெல்லாம், வகுப்பில் படித்த காலைச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் பிறின்சி அப்படியே ஒப்புவித்தாள். மாதாவுக்காகச் சொல்கிற பொய் பாவமில்லை என்று தாய் சொல்லியிருந்தாள்.

நிறை குறையத் தொடங்கியது. விஜிதாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. வகுப்பு மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளை நிற்பாட்டிக் கைதட்ட வைத்தாள். போன வருசத் திருநாள் சட்டை பிறின்சிக்கு மறுபடி அளவானது. அதைப் போட்டுக்கொண்டு வேலியடிக்கு வந்து எனக்குக் காட்டினாள். அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எல்லாம் குளிசையின் வேலை என்றாள். ஒருசந்தியால் இல்லையாம். அம்மாவும் அவளோடு சேர்ந்துதானே பட்டினி கிடக்கிறா, அம்மா மெலியவில்லையே என்று நியாயம் சொன்னாள். பெற்றிசியா காய்ந்த கருவாடு மாதிரி இருப்பவள், அவளில் மெலிய என்ன இருக்கிறது? பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் பிறின்சி மயங்கி விழுந்தாள். வெயில் என்றார்கள்.

உயிர்த்த ஞாயிறன்று ஆட்டிறைச்சிக் கறி. பிறகு வழமையான பாண், வழமையான சோறு. குளிசையைத் தவறாமல் போட்டாள், நிறை ஏறியது. சட்டை மறுபடி இறுகியது. ஒரு குளிசை காணாது போல, இரண்டு தரச்சொல்லிக் கேட்கப்போகிறேன் என்றாள்.

கேட்கத் தேவை வரவில்லை. சோதனை முடிந்து, முடிவைச் சொல்ல விஜிதா வீடுவீடாக வந்தாள். பெற்றிசியா என்னையும் கூப்பிட்டாள். உண்மையான குளிசை போட்டவர்களுக்கும் மாக் குளிசை போட்டவர்களுக்கும் நிறையில் ஒரு வித்தியாசமும் இல்லையாம். பிறின்சிக்குக் கிடைத்தது மாக் குளிசையாம். பிறகு விஜிதா, இடையில் இவளுக்கு மட்டும் அவ்வளவு குறைந்தது எப்படி என்று கேட்டாள். பெற்றிசியா பெருமையாக நேர்த்தியைச் சொன்னாள். சோதனைதான் முடிந்ததே, இனி மறைக்க என்ன இருக்கிறது?

விஜிதாவின் முகம் வாடிவிட்டது. சொன்ன சாப்பாடு பொய் என்றால், பிறின்சியின் கணக்கைச் சோதனையில் சேர்க்க முடியாது என்றாள். பெற்றிசியாவுக்கு அதொன்றும் காதில் ஏறவில்லை.

"பாத்தியே பிள்ளை, குளிசை ஒண்டும் செய்யேல்ல. மாதாதான் செய்தவ."

"பட்டினி கிடந்து குறைஞ்சது நிக்காது அக்கா," என்றாள் விஜிதா. "சாப்பிடத் தொடங்கினால் திரும்பி வரும்."

பிறின்சி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் சாகுமட்டும் ஒருசந்தி இருக்கோணுமோ?"

விஜிதா கடதாசிகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். நடையை விடவேண்டாம், கிளினிக்குக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு எழும்பினாள். அவளிலும் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய் மட்டும், வாற வெள்ளியில் இருந்து தொடங்குவோம் என்றாள்.

விஜிதா போனபிறகு பிறின்சி வெந்நீரும் துணியும் கொண்டுவந்து அப்பாவின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். தோமஸ் காலை உடுத்திருந்த சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. நானே கழுவுறன்."

அவள் விடவில்லை. காலை மெல்ல வெளியே எடுத்து மடியில் வைத்து, விரல்கள் இருந்த இடத்தைக் கழுவத் தொடங்கினாள்.