நாய் ஓடக் கூடாது

எங்கள் நாய் இருமத் தொடங்கியபோது தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்றுதான் நைனா நினைத்தார். வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எலும்பு இல்லை. தெருமுனை வரை ஓடினாலே மூச்சு வாங்கிப் படுத்துவிட, நகரியிலிருந்து ஆட்டோ வைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம்.

ரத்தம் பரிசோதித்த கால்நடை டாக்டரம்மா, "குண்டெலோ புருகுலு" என்றார். இதயத்தில் புழு. கொசுக்கடியால் வருவதாம்.

"கொசு என்னையுந்தான் கடிக்குது. எனக்கு இன்னா ஆச்சு?" என்று நைனா சண்டைக்கு நின்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மருந்தில் புழு மெல்ல மெல்லத்தான் சாகும், செத்த புழு நுரையீரலில் போய் அடைத்தால் ஆபத்து, அதனால், தான் சொல்லும்வரை நாய் ஓடவோ குதிக்கவோ கூடாது என்றார்.

எங்கள் நாயோ நான் வேலைக்குப் போய்வரும் ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் துள்ளும். நைனாவின் குரல் கேட்டாலும் துள்ளும். ஹாரன் வேண்டாம் என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"ஹாரன் அடிக்காங்காட்டி மாடு நவுருமாம்மா?"

ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைக்கதவு வழியாக வீட்டுக்குள் போகலானேன். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய நைனாவுக்கு மெதுவாகப் பேச வராது. அவரை ஜாடையில் பேசச் சொன்னோம்.

"கல்யாணம் ஆனதிலேருந்து இப்பதான் இந்த வீடு அமைதியா கீது," என்றாள் அம்மா.

நைனா ஜாடை காட்டுவதைப் பக்கத்து வீட்டக்கா நாலு நாள் கவனித்துவிட்டு, ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்து நின்றாள். "உங்க நைனாவுக்கு வாய் இஸ்துக்கிச்சாமே?"

"எனக்கு இன்னா நோவு? கல்லாட்டம் கீறேன்!" என்று நைனா உள்ளேயிருந்து கத்தினார்.

கேட்டதும் நாய் பாய்ந்து வந்தது. அவர் மேல் ஒரே தாவல். அடுத்த நொடி இருமிச் சுருண்டு விழுந்தது. நைனா அப்படியே தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டார். இருமல் அடங்கும்வரை அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு ஜாடைகூடக் குறைந்துவிட்டது.

மாதங்கள் கழிந்து எடுத்த பரிசோதனையில் புழு இல்லை. ஆனால் மறுபடி வராமலிருக்க மாதம் தவறாமல் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

முதல் மாத்திரையை இட்லிக்குள் ஒளித்துவைத்த நைனா, டிவியில் கிரிக்கெட் பார்த்தபடி அந்த இட்லியைத் தானே தின்றுவிட்டார். பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று விசாரித்தார். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, "ஏமி காது, ஒண்ணும் ஆகாது. நாய்க்கு வேற வாங்கிக் குடுங்க," என்று சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டார்.

மருந்துக் கடைக்கு ஓடினேன்.

"நேத்துதானே வாங்கினு போன? அது இன்னா ஆச்சு?" என்றார் கடைக்காரர்.

நைனா துன்னுட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. சாக்கடையில் விழுந்துவிட்டது என்றேன்.