இன்டர்நெட்டில் எடுத்த ஜாதகம்

என் கல்யாணத்தை ஒரு கம்ப்யூட்டர் நிறுத்தியது. சிரிக்காதீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். இருபத்தைந்து தாண்டியும் கல்யாணமாகாத பெண் என்றால், பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் பேச்சு. வந்த மாப்பிள்ளைகளை நானேதான் தட்டிக்கழித்தேன். ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல் சம்பளத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டான். அவனையெல்லாம் என்ன செய்வது? கடைசியாக வந்தவரைப் பிடித்துவிட்டது. ஊர் வட்டவளை, வேலை பொல்பிட்டிய மின்நிலையத்தில். பெண் பார்க்க வந்த இடத்தில் முறுக்கைக் கடித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, நீங்க சுட்டதா?" என்று கேட்டார். "கடையில வாங்குனது" என்றேன். "அப்பாடா, அப்ப சரி" என்றார். அவ்வளவுதான், மனசு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவருடைய அம்மாவுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஜாதகம் பாத்துத்தான் செய்யணும். செவ்வாய் தோஷம் இருந்தா வேணாம்." காரணமில்லாமல் சொல்லவில்லை. அந்த அம்மாவின் ஜாதகத்திலேயே எட்டில் செவ்வாய், அதே தோஷம். கல்யாணமான கொஞ்ச வருஷத்தில், ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து புருஷன் செத்துப்போனார். கைக்குழந்தையோடு நின்றவரைப் புருஷன் வீட்டார் 'புருஷனை முழுங்கினவ' என்றே சொன்னார்களாம். பாவம், தன் மகனுக்கும் அப்படி ஒன்று வந்துவிடுமோ என்ற பயம்.

எனக்கு எழுதிய ஜாதகம் கிடையாது. ஆனால் பிறந்த நேரம் தெரியும். அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்று விடியற்காலை பெரட்டில் வேலைக்கு வந்த ஆட்களைப் பேர் சொல்லிக் கணக்கெடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் பிறந்தேனாம். அட்டனில் அப்போதுதான் ஒரு கம்யூனிகேஷன் கடைக்காரர் 'இன்டர்நெட் ஜாதகம் எடுத்துத் தரப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தார். சவூதிக்கும் குவைத்துக்கும் டெலிபோன் கோல் எடுக்க வந்த கூட்டத்தைவிட அதற்கு வந்த கூட்டம் பெரிது. தேதி, நேரம், ஊர் சொன்னால் போதும். டெலிபோன் லைன் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு, திரையில் படம் மேலிருந்து மெல்ல இறங்கும். முதலில் பிள்ளையார். அவர் தும்பிக்கை முழுசாக வந்து சேர்வதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். உள்ளே வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கிவிட்டால் லைன் அறுந்து, மறுபடி கிரீடத்திலிருந்து ஆரம்பம்.

"ஏழுல செவ்வாய், டீச்சர்" என்றார் கடைக்காரர். "தோஷ ஜாதகம்."

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"நான் எங்க பாத்தேன்? கம்ப்யூட்டர் பாத்துச்சு. அது பொய் சொல்லாது."

மறு வாரமே வட்டவளையிலிருந்து வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை டெலிபோனில், "அம்மா மனசு நோகக்கூடாதுங்க" என்று இழுத்தார். "அப்ப என் மனசு என்ன, ரப்பரா?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தேன். வைத்த பிறகு அழுதேன். கோபத்தில் பாதி, அந்த மனிதர் மேலிருந்த ஆசையில் பாதி. அம்மா "எல்லாம் விதி" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

கோத்தகிரியில் சித்தப்பா மகள் இருந்தாள். அவர்கள் எப்போதோ இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன குடும்பம். எங்களுக்குள் அப்போதுதான் ஈமெயில் பழக்கம் வந்திருந்தது. தமிழில் எழுதினால் வெறும் கட்டங்களாய்த் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்திலேயே தமிழைக் கொட்டுவோம். அவளிடம் அழுது தீர்த்தேன். அவள் சும்மா ஆறுதல் சொல்கிறவள் இல்லை. அங்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், அதே இணையதளத்தில், அதே தேதியும் நேரமும் போட்டு என் ஜாதகத்தை எடுத்து அனுப்பிவிட்டாள். "ஒனக்கு செவ்வாய் ஆறுலதான்டி இருக்கு. தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

விடுவேனா? நேரே அட்டன் கடைக்குப் போனேன். அவருடைய கம்ப்யூட்டரிலேயே அதைத் திறக்கச் சொல்லி, தாளில் எடுத்து, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னீங்க. இப்ப இந்த ரெண்டுல எது பொய்?"

மனிதருக்கு வேர்த்துவிட்டது. அட்டன் குளிரில் வேர்ப்பதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் வரி வரியாகப் பார்த்தோம். தேதி ஒன்று, மணி ஒன்று, ஊர் ஒன்று. தலைப்பில் இருந்த ஒரே ஒரு வரி மட்டும் வேறு. அவள் இந்தியாவின் நேரக் கணக்கைப் போட்டிருந்தாள். இவர் இலங்கையின் நேரக் கணக்கைப் போட்டிருந்தார்.

"அதான் தப்பு!" என்று கடைக்காரர் துள்ளினார். "இந்தியாவவிட நாம அரை மணி முன்னுக்குத்தானே இருக்கோம்? அவங்க மாத்திப் போட்டுட்டாங்க."

அரை மணி முன்னுக்கு. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் மழையில்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, கரண்ட் போதாமல், அரசாங்கம் நாடு முழுக்கக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு நேரம். பஸ் புது நேரத்துக்கு ஓடும்; கோயில் பூசை பழைய நேரத்துக்கு நடக்கும். யார் எந்த மணியைச் சொன்னாலும், "பழசா, புதுசா?" என்று கேட்காமல் ஒருத்தர் அசையமாட்டார். கம்ப்யூட்டரிடம் மட்டும் யாரும் அதைக் கேட்கவில்லை.

"அண்ணே" என்றேன், "நான் பொறந்தப்ப ஏது இந்தப் புது நேரம்? அது நேத்து வந்ததுதானே! அப்ப நாமளும் இந்தியாவும் ஒரே மணிதானே?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, எத்தன புள்ளைங்களுக்கு எடுத்துக் குடுத்தேன்!"

மாற்றிப் போட்டு எடுத்தார். ஆறில் செவ்வாய். நான் ஜாதகத்தைப் பெரிதாக நம்புகிறவள் இல்லை; ஆனால் பொய் ஜாதகத்திடம் தோற்றுப்போவதற்கு நான் ஆளில்லை. மலையேறி வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததுபோல் முதுகு லேசாகிவிட்டது. அவர் ஊற்றித் தந்த பிளேன்டீக்கு சீனி கூடப் போடாமல் குடித்தேன். தித்தித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு வட்டவளைக்குப் போனேன். பெண்ணே போய்ப் பேசுவதா என்று அம்மா தடுத்தாள். பேசாமல் இருந்தால் யார் பேசுவார்கள்? மாப்பிள்ளை பொல்பிட்டியவில் ஷிப்டில் இருந்தார். அவருடைய அம்மா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல மகள். மணிய மாத்துனா செவ்வாயும் மாறுமா?"

"செவ்வாய் இருந்த எடத்துலதான் இருக்கு அத்தை. நாம குடுத்த மணிதான் தப்பு."

அவர் முகம் தெளியவில்லை. அப்பாவுக்குப் பேச்சில்லாமல் இருக்கமுடியாது. "இது என்ன தங்கச்சி, புதுசா? வெள்ளைக்காரன் சண்டைக்காலத்துலயும் இப்படித்தான் மணிய அரை மணி முன்னுக்குத் தள்ளுனான். நான் அப்ப சின்னப்பய. சண்டை முடிஞ்சப்பெறகுதான் பழையபடி வச்சாங்க."

"எந்தச் சண்டைண்ணே?"

"ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டானே, அந்தச் சண்டை."

அவர் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார். "நான் அந்த மாசந்தாண்ணே பொறந்தேன். குண்டுக்குப் பயந்து கொழும்பு சனமெல்லாம் மலைக்கு ஓடிவந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்." எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து தன் ஜாதகத்தை எடுத்து வந்தார். கல்யாணம் பேசும்போது, சண்டையெல்லாம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து எழுதியது. மணியைப் பார்த்து எழுதிய ஜோசியர், அது பழைய மணியா, சண்டைக்கால மணியா என்று கேட்டிருப்பாரா?

"மொதல்ல என்னுதப் பாக்கணும்" என்றார் அவர். "பெறகு கல்யாணத்தப் பேசுவோம்."

பாடசாலைக்கு லீவு சொன்னேன். மறுநாளே மூன்று பேரும் அட்டன் கடையில் நின்றோம். கடைக்காரர் திருந்திய மனிதராக, "பழைய நேரந்தானேம்மா?" என்று மாற்றப் போனார். "தொடாதீங்கண்ணே!" என்று நான் கத்தினேன். என் ஜாதகத்தைக் கெடுத்த அதே அரை மணிதான், சண்டைக்காலத்தில் பிறந்த அந்த அம்மாவின் ஜாதகத்துக்குச் சரியான மணி.

பிள்ளையார் வந்தார். கட்டங்கள் வந்தன. கடைக்காரர் விரலை வைத்து எண்ணினார். பிறகு இன்னொரு தரம் எண்ணினார்.

"ஒம்பதுல இருக்கும்மா. எட்டுல இல்ல. ஒங்களுக்கு தோஷம் இல்ல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து, "கல்யாணத்துக்கு நாள் பாருங்கண்ணே" என்றார். அப்பா கடைக்காரரைக் கட்டிப்பிடிக்காத குறை. எனக்குக் காலே தரையில் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்காக நானும் வட்டவளை பஸ்ஸில் ஏறினேன். வெளியே மழை. பஸ் புறப்பட்டதும் அவர் என் கையைப் பிடித்தார்.

"அப்ப நான் அவர முழுங்கலையா மகள்?"

"இல்ல அத்தை."

"மண்ணு சரிஞ்சுதான் செத்தாரா?"

"ஆமா அத்தை. மழைக்கு மண்ணு சரிஞ்சுதான்."

வட்டவளை வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார்.