முடிச்சு தெரியாத கை

எங்கள் ஆரணியில் அறுந்த பட்டு இழையை யார் வேண்டுமானாலும் முடியலாம். முடிந்த இடம் தெரியாமல் முடிய அய்யாக்கண்ணுவைத்தான் கூப்பிட வேண்டும். என் அக்கா செல்லம்மாளின் புருஷன். கொசப்பாளையத்தில் தறி தறியாகப் போய், தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளான பாவு தீரப்போகும்போது அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும், தடவிப் பார்த்தால் ஒன்றுகூடக் கையில் தட்டாது. "முடிச்சு தெரிஞ்சா அது சேலை இல்ல, கோணிப்பை" என்பார். தலைக்கனம் பிடித்த மனுஷன்தான். ஆனால் அந்தத் தலைக்கனத்தைச் சம்பாதித்து வைத்திருந்தார்.

நான் ஜெயவேல். அப்போது ஒரு பட்டுக்கடைக்காக ஜாவா மோட்டார் சைக்கிளில் சேலை மூட்டையோடு கர்நூல்வரை போய் வருவேன். போக வர ஒரு வாரம் ஆகும். 1976 ஐப்பசியில் பின்னால் உட்கார்ந்து மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மாமா தானே வருகிறேன் என்றார். வேலூரைத் தாண்டாத மனுஷன். கண்ணமங்கலம் வருவதற்குள் இடுப்பு வலிக்கிறது என்று ஆரம்பித்தார், சித்தூர்வரை நிறுத்தவில்லை.

ராயச்சோட்டி தாண்டி, மலையும் முள்ளுமாக இருந்த ஒரு இடத்தில் செயின் அறுந்தது. பக்கத்தில் நாலு குடிசை. அதில் ஒன்றில்தான் ஓபுலேசு இருந்தான். வல்லூறு வைத்து வேட்டையாடுகிறவன். கையில் தோல் சுற்றி அதன்மேல் பறவையை உட்கார வைத்துக்கொண்டு முள்காட்டுக்குள் போவான். கவுதாரி எழும்பினால் கையை வீசுவான். பறவை போய் அடித்துக்கொண்டு வரும். பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும் சாப்பிட வேறு வழி கிடையாது. முந்தைய பறவையை இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, குஞ்சு பொரித்துப் பிழைக்கட்டும் என்று மலையில் விட்டுவிட்டானாம். அது அவர்கள் வழக்கம். இப்போது புதிதாக ஒன்றைப் பிடித்திருந்தான். மழை விடுவதற்குள் அதைப் பழக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷம் அடுப்பு எரியாது.

பிடித்த பறவை மனுஷனைப் பார்த்து மிரளும். அதனால் முதல் சில நாள் அதன் கண்ணை மூடி வைப்பார்கள். கீழ் இமையில் ஊசியால் நூலைக் கோத்து மேலே இழுத்து, உச்சந்தலையில் இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டுவார்கள். பழகப் பழக நூலைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறந்து விடுவார்கள். ஓபுலேசு கட்டியிருந்தது தடித்த பருத்தி நூல். பறவை காலால் பிறாண்டி, நாங்கள் பார்க்கும்போதே முடிச்சு நழுவி விழுந்தது. அவன் மறுபடி கட்டினான். மறுபடி நழுவியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமா கட்டினா எமனே வந்தாலும் அவிழாது" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அளந்துவிட்டேன். மாமாவிடம் திரும்பி, "காட்டுங்க மாமா, ஆரணிக் கைன்னா இன்னான்னு இவன் பாக்கட்டும்" என்றேன்.

மாமாவுக்கு அது போதும். மடியில் எப்போதும் இருக்கும் பட்டு இழையை எடுத்தார். ஓபுலேசின் பெண்டாட்டி பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஓபுலேசு என்னைப் பார்த்து "வதுலுகா, வதுலுகா" என்றான். தளர்வாக என்று அர்த்தம். எனக்குத் தெரியும். ஆனால் நான் ஆரணிப் பெருமையைப் பாதியில் நிறுத்த மனசில்லாமல் பேசிக்கொண்டே இருந்தேன். மாமாவுக்குத் தெலுங்கு தெரியாது. அவர் கட்டி முடித்து, நுனியை இறகுக்கு அடியில் உருட்டி மறைத்தார். ஓபுலேசு தடவித் தடவிப் பார்த்தான். முடிச்சு அகப்படவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், விருந்தாளிகளாயிற்றே என்று நினைத்தானோ என்னவோ, கும்பிட்டான். அதற்குள் லாரிக்காரன் ஒருவன் செயினுக்கு வழி பண்ணிக் கொடுக்க, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கர்நூல்வரை மாமா அந்தப் பறவையைப் பற்றியே பேசினார். திரும்பும்போது அந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பொட்டலம் பொரிகடலை வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அங்கே போய் நின்றோம். ஓபுலேசு இல்லை, கல் உடைக்கப் போயிருந்தான். பெண்டாட்டிதான் கூடையைத் திறந்து காட்டினாள். பறவை பிறாண்டினால் முடிச்சு நழுவ வேண்டும். நழுவத்தான் அப்படிக் கட்டுவது என்றாள். பட்டு நழுவவில்லை, அறவும் இல்லை. இவர்கள் கவனிப்பதற்குள் இரண்டு இமையையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. நகம் பட்ட கண்களில் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது.

மாமா கேட்டார். "இன்னா சொல்றா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், 'வதுலுகா' என்பதையும் சேர்த்து.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டதெல்லாம் மற்றவர்கள்.

சாயங்காலம் ஓபுலேசு வந்தான். கத்தவில்லை. கண்ணை மூடினவன்தான் தீனி கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் முறை என்று சொல்லிக் கூடையை மாமாவின் கையில் வைத்தான். அப்படி ஒரு முறை உண்டா, வேட்டைக்கு உதவாத வாயைத் தள்ளிவிடச் சொன்னானா, இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மாமா சந்தேகப்படவில்லை. ஆரணிவரை கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இடுப்பு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "கவிச்சிய வூட்டுக்குள்ள கொணாந்துகினு, இன்னா கர்மம்யா இது!" மாமா தினமும் கறிக்கடைக்குப் போய்த் துண்டு வாங்கி வந்து, கொல்லையில் உட்கார்ந்து நறுக்கிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் பிணைத்த பாவில் முடிச்சு தட்ட ஆரம்பித்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறுக்கப் போகிற நேரத்தில் கை நின்றுவிடும். தறிக்காரர்கள் இரண்டு வருஷம் பொறுத்தார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அக்கா நெல் மில்லில் வேலைக்குப் போனாள்.

1980இல் ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "மாமா, அதுவும் நிம்மதியா இல்ல, நீங்களும் இல்ல. வுட்டுத் தொலைங்க. கழுத்த நான் திருப்பறேன், நீங்க அந்தாண்ட போங்க."

அவர் கூடைக்குள் கையை நீட்டினார். காலடிச் சத்தத்துக்கே வாயைத் திறந்து வைத்திருந்த பறவை, தட்டுத் தடுமாறி அவர் விரல்மேல் ஏறி மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"பாரு ஜெயவேலு. எந்தக் கைன்னு இதுக்குத் தெரியல. தெரிஞ்சா வருமா?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அது உயிரோடு இருந்தது. மூன்று வருஷமும் அவர் கையில்தான் தின்றது.