கண்ணாடிக்குள் காட்டிய காணி

எங்கள் காணிகளின் எல்லைகளை எங்கள் வாயாலேயே சொல்லவைத்து வாங்கிப் போனவர் நீங்கள்.

குடாவுக்கு அந்தப் பக்கம் ஆமி போட்ட கம்பிவேலிக்குள் அகப்பட்ட காணிகளில் ஒன்று என் அக்காவுடையது. சண்டைக்கால இடப்பெயர்வில் அதன் உறுதிப் பத்திரம் எரிந்துபோனது. காணியைத் திருப்பித் தரச்சொல்லி மற்றவர்களோடு அரச அலுவலகமான கச்சேரியின் வாசலில் நின்றுகொண்டிருந்த காலத்தில்தான், மாதா கோயில் மண்டபத்துக்கு நீங்கள் ஒரு கம்பனியின் பேரில், தலையில் மாட்டும் அந்தக் கறுப்புக் கண்ணாடிகளோடு வந்தீர்கள்.

"அக்கா, இனி நீங்கள் காணிக்குப் போகத் தேவையில்லை. காணி உங்களிட்டை வரும். உலகம் முழுக்க இனி இதுக்குள்ளதான்."

கிணறு எங்கே, வேலி எதுவரை, யாரிடம் உறுதி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிந்தீர்கள். உறுதியைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

பிறகு அக்கா கண்ணாடியை மாட்டினார். பக்கத்துக் காணிக்காரியும் மாட்டினார்.

"எடேய் தம்பி, என்ரை கிணறு இவளின்ரை வளவுக்குள்ள நிக்குது!"

"அது எப்பவும் எங்கடதான். நீங்கள்தான் களவாத் தண்ணி அள்ளினனீங்கள்."

மண்டபமே சிரித்தது. அக்கா கிணற்றுக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டி, முன்னால் இருந்த கதிரையைத் தள்ளிவிழுத்தினார். நீங்கள் அவரிடம் எல்லையை மறுபடி கேட்டுத் திருத்தினீர்கள். அதன்பின் கச்சேரி வாசலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். அக்காவும் போகவில்லை.

கொஞ்சக் காலத்தில் கண்ணாடிக்குள் கிணறும் இல்லை, வேலியும் இல்லை. வெறும் இருட்டு. உங்களைச் சந்தையடியில் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணை, அந்த உலகம் முடிஞ்சுது. இப்ப எல்லாரும் செயற்கை நுண்ணறிவுக்கு மாறியிட்டினம்."

"அப்ப நாங்கள் சொன்ன விபரம்?"

"அது கம்பனியிலை இருக்கும். எனக்குத் தெரியாது."

போன கிழமை பஸ்ஸில் போகும்போது அந்தக் கம்பிவேலிக்குள், நில அளவைக்கு நடுகிற சிவப்புப் பூசிய கட்டைகளைக் கண்டேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். பற்றை மூடிய அந்த நிலத்தில் யாருடைய எல்லை எதுவென்று வெளியாள் ஒருவரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அக்கா திருத்திச் சொன்ன மூலையிலேயே ஒரு கட்டை நிற்கிறது. உறுதி வைத்திருக்கும் பக்கத்துக் காணியில் ஒன்றுகூட இல்லை. உறுதி இல்லாத மற்றவர்களின் காணிகளிலும் கட்டைகள் நிற்கின்றன. அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு அதே மண்டபத்தில் உங்கள் புதிய செயற்கை நுண்ணறிவு வகுப்பாம். அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வகுப்பைத் தொடங்குவதற்கு முதல் ஒலிவாங்கியைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: நாங்கள் சொன்ன எல்லைகளை யாருக்குக் கொடுத்தீர்கள்?